கடைசியாக ஏறியவள்

லிஃப்டில் ஆள் கூடிப்போனால் மணி அடிக்கும். அப்போது யார் இறங்க வேண்டும்?

கடைசியாக ஏறியவர்தான்.

குண்டூசியின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலையில் இருக்கும் இந்தச் சட்டத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சோபாவில் இடம் போதவில்லையா? "மணி அடிச்சாச்சு! கடைசி ஆள் எழுந்திரு!" என்பார். ஒரு குடையில் நாலு பேர் நிற்கிறார்களா? "மணி அடிச்சாச்சு!" கடைசியாக வந்தவர் நனைய வேண்டியதுதான்.

அந்த வீட்டில் கடைசியாகப் பிறந்தவள் குண்டூசி. பதினொரு வயது. ஆளும் ஊசி மாதிரி, கேட்கும் கேள்வியும் ஊசி மாதிரி. மாமா வைத்த பெயர் அது. அப்படியே ஒட்டிக்கொண்டது. மணி அடிக்கும்போதெல்லாம் இறங்கி இறங்கி அவளுக்குக் கால் வலித்துப் போயிருந்தது.

அன்று சாப்பாட்டு மேசையில் அப்பா ஒரு பெரிய காகிதத்தை விரித்தார்.

"எல்லாரும் கவனிங்க. ஏரிப் பூங்காவுல இடம் கிடைச்சாச்சு. வர்ற வெள்ளிக்கிழமை காலைல போறோம், திங்கக்கிழமை வர்றோம். மூணு ராத்திரி கூடாரத்துல. பகல் பூரா மீன்பிடிப்பு!"

"ஆஹா!" என்று மாமா மேசையைத் தட்டினார். தண்ணீர் டம்ளர் ஒரு துள்ளு துள்ளியது. மாமா அம்மாவின் தம்பி. பேக்கரியில் வேலை. மாவு மூட்டையை ஒரு கையால் தூக்குவார். போன இரண்டு வருடமும் அப்பாவும் மாமாவும் மட்டும்தான் ஏரிக்குப் போனார்கள். இந்த வருடம்தான் முதல்முறையாக எல்லோரும் போவதாக ஏற்பாடு.

அம்மா ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு இப்போதுதான் நாலு நாள் லீவு கிடைத்திருந்தது. ஏரிக்கென்று ஒரு தொப்பிகூட வாங்கிவிட்டாள். விலைச்சீட்டைக்கூடப் பிரிக்காமல் ஆணியில் மாட்டியிருந்தாள். மாலை நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய், தூண்டில் கயிற்றின் முனையில் துணி கிளிப்பைக் கட்டி வீசி வீசிப் பழகுவாள். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரின் சட்டையையே பிடித்துவிட்டாள்.

"ஒரே ஒரு சிக்கல்" என்றார் அப்பா. "வண்டி ஏரிக்கரை வரைக்கும்தான் போகும். அங்கேர்ந்து நம்ம இடத்துக்குப் படகுல ஒன்றரை மணி நேரம். காலைல ஒரே தடவைதான் போகும். அதுல நானூறு கிலோவுக்கு மேல ஏத்த மாட்டாங்க."

"நாம எவ்வளவு?" என்றான் அண்ணன்.

"ஆளுங்க முன்னூத்தி நாப்பது. சாமான் நூத்திப் பதினெட்டு. மொத்தம் நானூத்தி அம்பத்தெட்டு."

"அப்போ சாமானைக் குறைங்க."

"நீ உன் பையைக் குறைப்பியா?"

"என் பையில ஒண்ணுமே இல்லப்பா! வெறும் துணிதான்."

"மாமா பெட்டி?" என்றார் அப்பா.

"ஐயையோ, அது தூண்டில் பெட்டி!" மாமா பதறினார். "யாரும் தொடாதீங்க. முள்ளு குத்திடும்."

அப்பா பென்சிலால் காகிதத்தைத் தட்டினார். டக், டக், டக். பிறகு மெல்லத் தலையை நிமிர்த்தினார். அண்ணனும் நிமிர்ந்தான். மாமாவும் நிமிர்ந்தார். எல்லோருடைய கண்களும் ஒரே பக்கம் திரும்பின.

குண்டூசியின் வாய்க்குள் ரொட்டித் துண்டு மெல்லாமல் நின்றது.

"இல்ல" என்றாள் அவள்.

"நான் இன்னும் எதுவும் சொல்லலையே."

"நீங்க மணி அடிக்கப் போறீங்க."

"கண்ணு, அத்தை வீட்ல மூணு நாள் இரு. அடுத்த வருஷம் கண்டிப்பா..."

"போன வருஷமும் அடுத்த வருஷம்னுதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின வருஷமும் அடுத்த வருஷம்தான். அந்த அடுத்த வருஷம் எப்பதான் வரும்?"

அப்பா காகிதத்தில் 'குண்டூசி' என்ற பெயர் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

இங்கே ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்தபோது, ஒரே ஒரு நொடி, குண்டூசிக்கு 'அப்பாடா' என்று இருந்தது.

ஏரியின் படத்தை அவள் பார்த்திருந்தாள். கரையோரத்திலேயே தண்ணீர் கறுப்பாக இருந்தது. சுற்றிலும் மரம். ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. வீட்டில் ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு வெளிச்சம் விழாவிட்டால் அவளுக்குத் தூக்கமே வராது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மூணு ராத்திரி, அந்த இருட்டில், அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில்.

ஆனால் அந்த 'அப்பாடா'தான் அவளுக்கு ஆத்திரத்தை மூட்டியது. பயந்து நானே போகாமல் இருந்தால் அது வேறு. அடுத்தவர் இறக்கிவிட்டு, அதற்கு நான் சந்தோஷப்படுவதா? அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அண்ணன் பையிலிருந்து மை பேனாவை உருவினாள். அடித்த பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் மறுபடி 'குண்டூசி' என்று எழுதினாள்.

"இது பென்சில் இல்ல. மை" என்றாள்.

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, "சண்டை வேணாம். நானும் அவளும் வீட்ல இருந்துக்கறோம். நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க" என்றாள்.

போகிற போக்கில் ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். கதவு 'டப்' என்று மூடியது.

"அக்கா வரலையா? அப்போ நிறைய இடம் இருக்கே! பெரிய அடுப்பைக் கொண்டு வரலாமா?" என்றார் மாமா.

யாரும் சிரிக்கவில்லை. மாமாவே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குண்டூசி மூடிய அலமாரியையே பார்த்தாள். தன்னை இறக்கினால் பரவாயில்லை. அம்மா எந்த லிஃப்டில் கடைசியாக ஏறினாள்?

"யாரும் இறங்க மாட்டோம்" என்றாள். "அஞ்சு பேரும் போறோம். எப்படின்னு நான் காட்டறேன்."

"எப்போ?" என்று அண்ணன் கிண்டலாகக் கேட்டான். "அடுத்த வருஷமா?"

"புதன்கிழமை!"

மறுநாள் காலையில் அந்தக் காகிதம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. மையில் எழுதிய பெயர் மேலும் ஒரு கோடு விழுந்திருந்தது. குண்டூசி பல் துலக்கிக்கொண்டே மறுபடியும் தன் பெயரை எழுதினாள். எழுதும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது.

'ஆட்கள்: 5 x 68 = 340.'

அவள் வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு ஓடிவந்தாள்.

"அப்பா! யாருப்பா இந்த அறுபத்தெட்டு?"

அப்பா ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். "யாரும் இல்ல. ஒரு ஆளுன்னா அறுபத்தெட்டு கிலோ. எங்க லிஃப்ட் கணக்கு அதுதான்."

"நான் அறுபத்தெட்டு கிலோவா?"

அப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார். கட்டிய நாடாவை மறுபடி அவிழ்த்தார்.

"நீ கொஞ்சம் கம்மிதான். ஆனா உன் மாமா கூட இல்லையா? கூட்டிக் கழிச்சா சரியாயிடும். அதுக்குத்தான் சராசரின்னு ஒண்ணு வெச்சிருக்காங்க."

"லிஃப்ட்ல யார் வருவாங்கன்னு தெரியாது. அதனால சராசரி. நம்ம வீட்ல யாரு வருவாங்கன்னு தெரியாதா?"

அப்பாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் குண்டூசி நேராக பேக்கரிக்குப் போனாள். முன்வாசலில் கூட்டம். அவள் பின்வாசல் வழியாக நுழைந்தாள். உள்ளே வெக்கை முகத்தில் அறைந்தது. நெற்றி, மூக்கு, காது மடல் எல்லாம் மாவாக மாமா தட்டு துடைத்துக்கொண்டிருந்தார்.

சுவரோரமாக மாவு மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. குண்டூசி பையைக் கழற்றி வைத்துவிட்டு அதன் மேல் ஏறி நின்றாள். முள் ஆடி ஆடி ஓர் இடத்தில் நின்றது.

"முப்பத்தொண்ணு!" என்று கத்தினாள். "மாமா, நீங்க ஏறுங்க."

"நானா? இது மூட்டைக்குத்தான்."

"நீங்களும் மூட்டைதான். ஏறுங்க."

மாமா ஏறினார். தராசு ஒரு முனகல் முனகியது. தொண்ணூற்றேழு.

"வெளியில சொல்லிடாத" என்றார் மாமா.

மற்ற மூன்று பேரின் எடையும் அவளிடம் இருந்தது. அண்ணன் தினமும் உடற்பயிற்சி செய்துவிட்டுத் தன் எடையைச் சுவரில் எழுதி வைப்பான். அறுபத்திரண்டு. ஆம்புலன்ஸ் நிலையத்தில் போன வாரம்தான் அம்மாவுக்கு எடை பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு. அப்பா லிஃப்டைச் சோதிக்க அதற்குள் ஏறி நிற்பதால் தன் எடையைச் சட்டைப்பை நோட்டில் குறித்து வைத்திருப்பார். எழுபத்து நாலு.

அவள் மாவு படிந்த மேசையில் விரலாலேயே கூட்டினாள். முந்நூற்று இருபத்திரண்டு. அப்பாவின் கணக்கைவிடப் பதினெட்டு கிலோ குறைவு! சாமானைச் சேர்த்தால் நானூற்று நாற்பது.

இன்னும் நாற்பது கிலோ குறைய வேண்டும்.

"மாமா, உங்க பெட்டி இருபத்தொம்பது கிலோ. அப்பா அதைத் தராசுல மாட்டித் தூக்கும்போது மூச்சு வாங்கினாரு. இருபத்தொம்பது கிலோவுக்குத் தூண்டில் முள்ளா? ஏரில மீனே மிச்சமிருக்காதே!"

"அது... பெரிய முள்ளு."

"மாமா."

"வலையும் இருக்கு."

"மாமா!"

மாமா பின்வாசல் கதவை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு ஒரு மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். சுற்றிலும் வெள்ளைப் புகை மாதிரி மாவு எழும்பியது.

"வண்டி பேட்டரி ஒண்ணு. விளக்கு நாலு. அதுக்கு ஒயரு."

"எதுக்கு?"

"சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல."

"எனக்கு இருட்டுன்னா பயம்."

குண்டூசி சிரிக்கவில்லை. மூட்டையை ஒரு கையால் தூக்கும் அந்த ஆளை வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"விடியக்காலை மூணு மணிக்கு வேலைக்கு வர்றீங்களே?"

"வீட்லேர்ந்து இங்க வரைக்கும் பதினாலு தெருவிளக்கு. எண்ணிக்கிட்டே வருவேன். ஒன்பதாவது அடிக்கடி கெட்டுப்போகும். அன்னிக்கு எட்டாவதுலேர்ந்து பத்தாவதுக்கு ஒரே ஓட்டம்."

"போன ரெண்டு வருஷமும் ஏரிக்குப் போனீங்களே?"

"ராத்திரிலதான் மீன் நல்லாக் கடிக்கும்னு உங்கப்பாகிட்ட சொல்லிட்டு விடிய விடிய நெருப்பு மூட்டி உக்காந்திருந்தேன். பகலெல்லாம் தூக்கம். ரெண்டு வருஷத்துல நான் பிடிச்சது ஒரே ஒரு மீன். அதுவும் பாவம், தானா வந்து மாட்டிக்கிச்சு." மாமா பெருமூச்சு விட்டார். "இந்த வருஷம் ராத்திரி நெருப்பு மூட்டக் கூடாதுன்னு பூங்காவுல சட்டம் போட்டுட்டாங்க. அதான் பேட்டரி."

அடுப்பில் ஏதோ பொரிந்து அடங்கியது.

"எனக்கும்தான்" என்றாள் குண்டூசி, மிகச் சின்னக் குரலில்.

"என்ன உனக்கும்தான்?"

"இருட்டு. அப்புறம் அந்தக் கறுப்புத் தண்ணி. ரெண்டுமே பயம்."

"அப்புறம் ஏன் நானும் வருவேன் நானும் வருவேன்னு அந்த ஆட்டம் ஆடினே? பேசாம அத்தை வீட்ல இருந்திருக்கலாமே?"

"பயமா இருக்குன்னா போகக் கூடாதா? நீங்க போறீங்கள்ல?"

மாமா தலையைச் சொறிந்தார். முடியிலிருந்தும் மாவு உதிர்ந்தது.

குண்டூசி யோசித்தாள். பிறகு பையிலிருந்து தன் சின்ன டார்ச்சை எடுத்தாள். கட்டை விரல் அளவுதான் இருக்கும். "நான் உங்க கூடாரத்துல படுத்துக்கறேன். இது நடுவுல இருக்கட்டும். யாருக்குப் பயம் வந்தாலும் போட்டுக்கலாம். மத்தவங்க ஏன்னு கேக்கக் கூடாது."

"எத்தனை தடவை வேணாலும்?"

"எத்தனை தடவை வேணாலும்."

மாமா டார்ச்சை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். போட்டார். அணைத்தார். மறுபடி போட்டார்.

"நான் குறட்டை விடுவேன்" என்று எச்சரித்தார்.

"அது நல்லதுதான். நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு தெரியும்."

புதன்கிழமை மாலை. மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். குண்டூசி மட்டும் நின்றாள். உட்கார்ந்தால் மேசைக்குமேல் தலை மட்டும்தான் தெரியும். வாதாட வந்தவளுக்கு அது சரிப்படாது.

"ஆளுங்க முன்னூத்தி இருபத்திரண்டு. ஒவ்வொருத்தர் எடையும் எழுதியிருக்கேன். மாமாவோடதை மட்டும் கையால மறைச்சுப் படிங்க." காகிதத்தை அப்பா முன் தள்ளினாள். "அடுத்தது தண்ணி. பத்து லிட்டர் கேன் ரெண்டு எதுக்கு? அப்பா, பூங்காவுலேர்ந்து வந்த தாளோட பின்பக்கத்தைப் படிச்சீங்களா?"

"பின்பக்கமா?"

"முகாம்ல குடிதண்ணிக் குழாய் இருக்குன்னு போட்டிருக்கு. போன் பண்ணியும் கேட்டுட்டேன். ஒரு கேன் போதும். பத்து கிலோ குறைஞ்சுது."

அப்பா தாளைத் திருப்பிப் பார்த்தார். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"அடுத்தது மாமா பெட்டி. இருபத்தாறு கிலோ குறையுது. இப்போ மூணே கிலோ."

"நில்லு நில்லு" என்றான் அண்ணன். "அப்படி என்ன இருந்துச்சு அதுல? இருபத்தாறு கிலோ!"

மாமாவின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"அது பெட்டிக்கும் மாமாவுக்கும் நடுவுல" என்றாள் குண்டூசி. "உனக்குத் தேவையில்ல."

"கணக்குன்னா எல்லாத்தையும் காட்டணும்" என்றார் அப்பா. "சோதிச்சுப் பாக்காம நான் கையெழுத்துப் போட முடியாது. பெட்டியைத் திற."

"முடியாது."

"குண்டூசி!"

"எடையைச் சோதிங்க. உள்ள இருக்கறது அவரோடது. திறக்கச் சொன்னா என் பேரை அடிச்சுக்கோங்க. இந்தாங்க பென்சில்." அவள் பென்சிலை எடுத்து அப்பாவின் கையில் திணித்தாள். முகத்தைத் திருப்பவில்லை. "ரெண்டு தடவை அடிச்சாச்சு. மூணாவது தடவையும் அடிங்க. நானும் மூணாவது தடவை எழுதுவேன். ஆனா பெட்டி திறக்காது."

அப்பா பென்சிலையும் அவள் பெயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேட்டரி!" என்று மாமா கத்திவிட்டார். எல்லோரும் திடுக்கிட்டார்கள். "பேட்டரியும் விளக்கும்! எனக்கு இருட்டுன்னா பயம், போதுமா? அவ பேரை அடிக்காதீங்க!"



அம்மாதான் முதலில் பேசினாள். "இது எனக்குத் தெரியாதாடா? சின்ன வயசுல என் சட்டை நுனியைப் பிடிச்சுக்கிட்டுத்தானே தூங்குவே. ஒரு சட்டையாவது கிழியாம இருந்துச்சா?"

அண்ணன் சிரிக்க வாயைத் திறந்தான்.

"சிரிக்காத!" குண்டூசி அவன் பக்கம் திரும்பினாள். "எனக்கும்தான் பயம். இருட்டுக்கும் பயம், ஆழத்துக்கும் பயம். ஆனாலும் வருவேன். பயம் எத்தனை கிலோ? தராசைக் கொண்டா, நிறுத்துக் காட்டு!"

அண்ணன் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"இன்னும் நாலு கிலோ குறையணும்" என்று குண்டூசி மூச்சு வாங்கினாள். "வெறும் துணின்னு சொன்னியே, உன் பையைத் தூக்கிக் காட்டு பாப்போம். ஒரு கையால."

அண்ணன் காது சிவந்தது. பிறகு போய்ப் பையைத் திறந்து, துணிக்கு நடுவிலிருந்து இரண்டு டம்பெல்களை எடுத்து மேசையில் வைத்தான். ஒவ்வொன்றும் மூன்று கிலோ.

"மூணு நாள் விட்டுட்டா கையெல்லாம் இளைச்சுடும்" என்று முணுமுணுத்தான்.

"கூடாரம் அடிக்கறதுக்கு ஆளு வேணும்டா. தானா ஏறும் உன் கை" என்றார் மாமா.

அப்பா காகிதத்தை இழுத்தார். ஒவ்வொன்றாகக் கூட்டினார். கழித்தார். இன்னொரு முறை கீழிருந்து மேலே கூட்டினார்.

"முன்னூத்தி தொண்ணூத்தெட்டு" என்றார்.

பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மை பேனாவை எடுத்து, தானே அவள் பெயரை எழுதினார்.

அம்மா எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் கழித்து விலைச்சீட்டைக் கிழிக்கும் 'சரக்' சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை. விடியும் முன்பே கிளம்பி, ஐந்து மணி நேரம் வண்டியில் போன பிறகு ஏரி வந்தது. தண்ணீர் படத்தில் பார்த்தது போலவே கறுப்பாகத்தான் இருந்தது. குண்டூசி கையைக் கட்டிக்கொண்டு ஏரியை முறைத்துப் பார்த்தாள்.

படகுத்துறையில் ஒரு பெரிய எடைத் தராசு இருந்தது. படகுக்காரம்மா சாமான்களையும் ஆட்களையும் ஒன்றாக அதன் மேல் ஏற்றினார். கடைசியாக ஏறியவள் குண்டூசி.

"நானூத்தி மூணு" என்றார் படகுக்காரம்மா. "மூணு கிலோ கூட. ஏதாவது இறங்கணும்."

பழக்க தோஷம்! அப்பாவின் கண் தானாகக் கடைசி ஆளைத் தேடியது.

குண்டூசி அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இறங்க மாட்டேன்! என் கணக்கு முன்னூத்தி தொண்ணூத்தெட்டு. இதுல அஞ்சு கிலோ திருட்டுத்தனமா ஏறியிருக்கு. ஒவ்வொருத்தரா நிறுங்க!"

"இந்தப் பொண்ணு எங்க வேலைக்கு வருமா?" என்று படகுக்காரம்மா சிரித்தார். ஆனால் நிறுத்தார். அம்மா ஐம்பத்தெட்டு. அண்ணன் அறுபத்திரண்டு. மாமா தொண்ணூற்றேழு, அரைக் கிலோகூட ஏறவில்லை.

அப்பா ஏறினார். எழுபத்தொன்பது.

"ரெண்டே நாள்ல அஞ்சு கிலோவா?" என்றாள் அம்மா.

குண்டூசி எழுந்து அப்பாவைச் சுற்றி வந்தாள். அவர் புதிதாக ஒரு மீன்பிடி ஜாக்கெட் போட்டிருந்தார். அதில் பதினோரு பை. ஒன்றைத் தட்டினாள். 'ணங்' என்றது.

ஸ்பேனர் ஒன்று வந்தது. இன்னொரு ஸ்பேனர் வந்தது. கட்டிங் பிளேயர், சுத்தியல், ஸ்க்ரூடிரைவர் நாலு, ஒரு டப்பா நிறைய நட்டு, போல்ட்டு.

"எங்கயாவது ஏதாவது ரிப்பேர்னா..." என்று அப்பா இழுத்தார்.

"காட்டுக்குள்ள லிஃப்ட் இருக்காப்பா?"

மாமா சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் பறந்துபோயின.

"இதெல்லாம் எப்ப எடுத்தீங்க?" என்று கேட்டாள் குண்டூசி.

"வண்டி கிளம்பறப்போ. கடைசியா."

சொன்ன பிறகுதான் அப்பாவுக்கே உறைத்தது.

"மணி அடிச்சாச்சு" என்றாள் குண்டூசி. "கடைசியா ஏறினது ஸ்பேனர். அது இறங்கட்டும்."

அப்பா எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் வண்டியில் பூட்டினார். திரும்பி வந்து தராசில் ஏறினார். பிறகு எல்லோரும் ஏறினார்கள். முள் ஆடி ஆடி, முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டில் நின்றது.

லைஃப் ஜாக்கெட்டை இறுகக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் படகில் இறங்கி உட்கார்ந்தார்கள். அம்மாவின் தொப்பி காற்றில் படபடத்தது. குண்டூசி கரையிலேயே நின்றாள். பலகைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு முழம் கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. அப்பா எழுந்து கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்து, கண்ணை மூடாமல், ஒரே எட்டில் தாண்டினாள்.

படகு லேசாக அமிழ்ந்து, ஆடி, நின்றது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். மணி எதுவும் அடிக்கவில்லை. என்ஜின் மட்டும் படபடவென்று கிளம்பியது.

கரை விலகி விலகிச் சின்னதானது. மாமா மெல்லக் குனிந்து அவள் காதில் கிசுகிசுத்தார்.

"டார்ச்சு இருக்குல்ல?"

குண்டூசி சட்டைப்பையைத் தட்டிக் காட்டினாள்.

"நூறு கிராம், மாமா. கணக்குல சேத்தாச்சு."